செங்கமலத்தின் தலை ஆடி

சிறுவாச்சூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் அந்தப் பெட்ரோல் பங்கில் அன்றைக்குக் காலையிலிருந்தே ஒரே கும்மாளம். ஆனி முடிய இன்னும் சில நாள்தான். பங்கில் வேலை பார்க்கும் கலையரசியை அவள் அப்பா வந்து ஆடிக்கு அழைத்துப் போகப் போகிறார். சித்திரையில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. புதுப்பெண்ணை ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைத் தனியாகத் தவிக்க விடுவது வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

"ஏம்மா கலையரசி, உன் வூட்டுக்காரன் ஒரு மாசம் என்ன பண்ணுவான்? பைத்தியம் புடிச்சிரும் பாவம்!" என்றார் மேனேஜர்.

"எங்க சார், இப்பவே புடிச்சிருச்சு. நேத்து இவளைக் கூப்புட வந்தவன், கூப்புடாம தனியா வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். பாதி தூரம் போயித்தான் பின்னாடி ஆளில்லன்னு திரும்பி வந்தான்," என்று எடுத்துக் கொடுத்தார் டயருக்குக் காற்றடிப்பவர்.

கலையரசி யூனிபார்ம் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காது மட்டும் சிவந்து வெளியே தெரிந்தது.

அடுத்த பம்ப்பில் நின்ற செங்கமலமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். அவளுக்கும் புதுசாகத்தான் கல்யாணம் ஆகியிருந்தது, கலையரசிக்கு அடுத்து, வைகாசியில். இப்போது நம்மைக் கேட்பார்கள் என்று நினைத்தாள். "நான் எங்க போனாலும் எங்க வூட்டுக்காரரு வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்துடுவாரு சார்" என்று பதிலைக்கூட வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள். ஒரு லாரி வந்தது. டீசல் பிடித்தாள். லாரி போனது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் கலையரசிதான் கிட்டே வந்து பெருமூச்சு விட்டாள்.

"உங்களுக்கென்னக்கா, நிம்மதி. உங்க வயசுல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது."

நல்ல பெண் அவள். மனசார வாழ்த்துகிற மாதிரிதான் சொன்னாள். செங்கமலத்துக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த நிமிஷம் முடிவு செய்தாள். நானும் ஆடிக்குப் போவேன். என்னையும் ஆள் வந்து அழைக்க வேண்டும்!

செங்கமலத்துக்கு நாற்பத்து நான்கு வயது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் காடு சூழ்ந்த ஊரில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் சாமிக்கண்ணு கொத்தனார் வேலை பழகி, இன்றைக்கு நாலைந்து பேரை வைத்து வீடு கட்டித் தரும் மேஸ்திரி. செங்கமலத்தைப் பத்தொன்பது வயதில் பெரம்பலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மகள் கவியா கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷன் சாலை விபத்தில் போய்விட்டான்.

அன்றிலிருந்து ஊர் அவளைப் புகழத் தொடங்கியது. "தங்கமான பொம்பள. நிமிந்து ஒருத்தனப் பாத்தது கிடையாது." கேட்டுக் கேட்டு, அவளும் நிமிராமலே இருந்து பழகிக்கொண்டாள். அந்த மாதிரி ஆசையே தனக்குக் கிடையாது என்று நம்பினாள். ஆனால் அது எங்கேயும் போகவில்லை. வேறு வேறு வேஷத்தில் வந்து போனது. ஒரு நாள் திடீரென்று வீட்டுப் பாத்திரம் மொத்தத்தையும் இறக்கிப் போட்டுத் தேய்ப்பாள். பக்கத்து வீட்டுப் புதுஜோடி சாயங்காலமே கதவைச் சாத்திவிட்டால் இவளுக்கு ஏனென்று தெரியாமல் கோபம் வரும். மறுநாள் தண்ணீர்க் குழாயில் அந்தப் பெண்ணோடு குடத்தை வைத்துச் சண்டை. கோயிலில் பம்பை முழங்கினால் முதல் ஆளாக இவளுக்குத்தான் சாமி வரும். தலை அவிழ்ந்து, உடம்பு நடுங்கி, நாலு பேர் பிடித்தாலும் அடங்காமல் ஆடுவாள். ஆடி ஓய்ந்து வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு முழுக்க ஓர் ஆறுதல் பரவும். அது எதனால் என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. புதுப் புருஷனாக ராசாங்கம் வந்தபிறகு ஒரு தடவை பம்பை முழங்கியது. சாமி வரவில்லை. கூட்டத்தில் கைகூப்பிக்கொண்டு சாதாரணமாக நின்றபோதுதான், இத்தனை வருஷம் ஆடியதில் பாதி அம்மனுடையது, பாதி என்னுடையது என்று அவளுக்குப் பட்டது. ஒரு கணம் பயந்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டாள். அம்மனுக்குத் தெரியாதா என்ன!

ராசாங்கம் குட்டியானை வண்டியில் சின்ன வெங்காயம் ஏற்றி அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் கொண்டுபோகிறவன். ஐம்பதை நெருங்குகிறான். மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஒரு தடவை டேங்க்கை நிரப்பினால் நாலைந்து நாள் ஓடும் வண்டிக்கு அவன் தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக டீசல் போட்டான். "ஜீரோ பாத்துக்கங்க" என்று அவள் சொல்வாள். மீட்டரைப் பார்க்க வேண்டியவன் அவளைப் பார்த்து, "பாத்துட்டேங்க" என்பான். அவன் வராமல் போன ஒரு நாள், ரோட்டில் போன ஒவ்வொரு குட்டியானையையும் செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷம் குனிந்தே இருந்த கழுத்து. சாயங்காலம் வலி தாங்காமல் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு யாரும் பெரிதாக எதிர்ப்புச் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். கவியா திருச்சியில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். அவளே முன்னால் நின்று ஏற்பாடு செய்தாள். சாமிக்கண்ணு அண்ணன் வந்து மாலை எடுத்துக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லி வாழ்த்தினார்கள். துணை. "கடைசி காலத்துல ஒரு துணை வேணும்ல." "முடியாம கிடந்தா சுடுதண்ணி வச்சுக் குடுக்க ஒரு துணை." செங்கமலம் தலையாட்டிக்கொண்டே நின்றாள். சுடுதண்ணீர் வைக்கவா நான் இவனைக் கட்டிக்கொண்டேன்? இவன் சட்டையில் வெங்காய வாசனையும் வேர்வையும் சேர்ந்து அடிக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லையே, அதற்கு என்ன பேர்?

பங்கில் கலையரசி பேசிய அன்று சாயங்காலம், ராசாங்கம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"என்னை ஆடிக்கு எங்கண்ணன் வூட்டுக்கு அனுப்புங்க."

அவன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "ஏன், நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. புதுப்பொண்ணுன்னா ஆடிக்குப் போவணும்ல."

"அடிப்பாவி, ஒரு மாசம் நான் எப்புடி இருப்பேன்?"

"இதத்தான் கலையரசி புருசன்கிட்ட எல்லாரும் கேக்கறாங்க. உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

ராசாங்கம் யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "கேக்கலதான். டீக்கடையில, 'என்ன ராசாங்கம், வேளாவேளைக்குச் சோறு கெடைக்குதா'ன்னுதான் கேக்கறானுங்க. ஓட்டலுக்கு மாசச் சாப்பாடு கட்டினவன்கிட்ட கேக்கற மாதிரி!"

"பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். ஆனா ஒரு மாசமா?" என்று மறுபடி முனகினான். அந்த முனகல் அவளுக்குத் தேனாக இருந்தது.

மறுநாளே அண்ணிக்குப் போன் போட்டாள். சாமிக்கண்ணுவின் மனைவி பச்சையம்மாள் மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"ஆடிக்கா? நீயா? ஏ செங்கமலம், பேரன் பேத்தி எடுக்கற வயசுல என்னடி இது! சித்திரையில புள்ள பொறந்துடும்னுதான் சின்னஞ்சிறுசுகளப் பிரிச்சு வக்கிறது. உனக்கு இனிமே என்ன பொறக்கப் போவுது?"

"புள்ளைக்காகத்தான் சேர்றோம்னு யாரு அண்ணி சொன்னா?"

அந்தப் பக்கம் மறுபடி மிக்ஸி ஓடியது. போன் அண்ணன் கைக்கு மாறியது. "செங்கமலம், ஒரு துணைக்குத்தானம்மா கட்டி வச்சோம். சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு நான் வந்தா ஊரு சிரிக்கும்," என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அப்புறம் கவியாவைக் கூப்பிட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன் கவியாவை ஆடிக்கு அழைக்கப் பூவும் பழமும் புடவையுமாகத் திருச்சிக்குப் போனவள் செங்கமலம்தான். அன்றைக்கு மகள் முகத்தில் இருந்த வெட்கம் இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது.

கவியா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "அம்மா, தினமும் என்கிட்ட உன் வயசுல எத்தனையோ பேர் வர்றாங்க. ஆசைக்கு வயசு வரம்பு இல்ல, அது உடம்புக்கு மட்டும் வர்ற பசி இல்ல, நம்மள ஒருத்தர் வேணும்னு நினைக்கறாங்கங்கறதுல பாதி உயிர் இருக்குன்னு அவங்களுக்கெல்லாம் சொல்றேன். ஆனா நீ சொல்றப்போ எனக்குக் காதைப் பொத்திக்கலாம் போல இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"பொத்திக்க. உன் மாமன்கிட்ட மட்டும் பேசு."

"அய்யோ, மாமாகிட்ட நான் எப்படிம்மா!"

ஆனியின் கடைசி நாள் வந்தது. அண்ணன் வருகிற வழியாகத் தெரியவில்லை. செங்கமலத்தின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து ராசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"உங்கண்ணன் வரலன்னா என்ன? வண்டி நம்மகிட்ட இருக்கு. நானே கொண்டுபோயி வுடறேன், ஏறு!"

அவளும் குதித்து ஏறிவிட்டாள். பெட்டியில் நல்ல புடவைகள், மடியில் பூ, பின்னால் அண்ணிக்கு ஒரு மூட்டை வெங்காயம். அரியலூர் தாண்டியதும் சிமென்ட் லாரிகளின் புழுதிக்குள் வண்டி புகுந்து புகுந்து போனது. ராசாங்கம் ஒரு கையால் ஓட்டினான். இன்னொரு கை அவள் கையை விடவேயில்லை. கியர் மாற்றும்போது மட்டும் விட்டான், மாற்றியதும் தேடிப் பிடித்தான். மேடு பள்ளம் எதிலும் அவளுக்கு உடம்பு குலுங்கியதே தெரியவில்லை.

ஊர்த் தெருவில் வண்டி நின்றது. ராசாங்கம் பெட்டியை இறக்கி வாசலில் வைத்தான். மூட்டையை இறக்கி வைத்தான். எதிர்வீட்டுப் பெண் விளக்குமாற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள், "அய்யய்யோ செங்கமலம்!" என்று ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் செங்கமலத்துக்கு உறைத்தது. ஆடிக்குப் போகிற பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். புருஷனே பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் இறக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேண்டாம் என்று விட்டுவிட்டான். கவியாவுக்கு முறை தவறாமல் எல்லாம் செய்தவளுக்கு இது தெரியாதா? சந்தோஷத்தில் மறந்தே போனாள்.

தெரு கூடிவிட்டது. "ரெண்டு மாசம்கூட ஆவலயே பாவி!" "வெங்காயத்தையும் சேத்துக் கொண்டாந்து போட்டுட்டான் பாரு, கணக்கத் தீக்கற மாதிரி!" பச்சையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரோ சொல்லிப் பக்கத்துத் தெருவில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு, கையில் சிமென்ட் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்ன மாப்ளே! என் தங்கச்சி என்ன குத்தம் பண்ணிச்சு? அதுக்குள்ள சலிச்சுப் போச்சா?"

"மச்சான், அதெல்லாம்..."

"கேக்க ஆள் இல்லன்னு நெனச்சீங்களா?" கரண்டி ராசாங்கத்தின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

ராசாங்கம் சுற்றிலும் பார்த்தான். அழுகிற பெண்கள், முறைக்கிற ஆண்கள், நடுவில் திருதிருவென்று விழிக்கும் செங்கமலம். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு வாய் திறந்தது.

"சலிச்சுப் போச்சா? மச்சான், அவ இல்லாம ஒரு நாள் என்னால இருக்க முடியல! வெங்காயம் ஏத்திக்கிட்டு அரியலூரு போனா, பாதி வழியில வண்டியத் திருப்பிடலாமான்னு இருக்கு. அவ பங்குல இருக்கான்னு தெரிஞ்சும் ரெண்டு தடவ சுத்தி வந்து பாத்துட்டுப் போறேன். இப்புடி இருக்கறவன்கிட்டேருந்துதான ஆடியில பொண்ணைப் பிரிச்சு வப்பீங்க? எங்கள மட்டும் ஏன் வுட்டீங்க? நாங்க என்ன மரமா? பிரிங்க! அவளைக் கூட்டிக்கிட்டுப் போயி வச்சுக்கங்க! முறைன்னா எனக்கும் முறைதான!"

கட்டிக்கொண்டு அழுதவள் கையை எடுத்துவிட்டாள். செங்கமலத்துக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சூடு இறங்கியது. ஓடி ஒளிந்துகொள்ளவும் தோன்றியது, இந்த மனுஷனை அங்கேயே எல்லோர் முன்னாலும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. முதலில் சிரித்தது பச்சையம்மாள்தான். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்; தோள் மட்டும் குலுங்கிற்று. அப்புறம் தெருவே சிரித்தது.

"ஏ சாமிக்கண்ணு! இந்த ஆளை இன்னைக்கி இங்க தங்க வுட்றாதய்யா, நாளைக்கி ஆடி பொறக்குது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"தங்கச்சியப் பூட்டி வையி, சாவிய முந்திரிக் காட்டுல வீசிடு!"

இதோ, இதற்காகத்தானே பங்கில் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு அவள் காத்துக் கிடந்தாள்! முகத்தைத் தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். கலையரசியின் காது மாதிரி தன் காதும் சிவந்திருக்குமா என்று தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

சாமிக்கண்ணு கரண்டியை இறக்கினார். அதில் ஒட்டியிருந்த சிமென்டைப் பார்த்துக்கொண்டே, "செத்த மெதுவாப் பேசுங்க மாப்ளே," என்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். ரொம்ப நாளாகப் பார்க்காத மாதிரி பார்த்தார். "இப்புடிப் பெட்டியோட வந்து எறங்கினா நாளைக்கி வேற மாதிரி பேசுவாங்க. ரெண்டு பேரும் கிளம்புங்க. காலையில நான் வந்து முறைப்படி அழைச்சிக்கிறேன்."

சொன்னபடி வந்தார். வாடகைக் காரில் பச்சையம்மாளோடு வந்து இறங்கி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பட்டுப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எல்லாம் வைத்துக் கொடுத்தார். "தங்கச்சிய ஆடிக்கு அழைச்சிக்கிட்டுப் போறோம் மாப்ளே." ராசாங்கம் கண் கலங்கி நின்றான். அதைப் பார்த்துப் பச்சையம்மாளுக்கு மறுபடி சிரிப்பு. "அண்ணே, அழுவாதீங்க. பதினெட்டாம் பெருக்குக்கு வந்து பாத்துட்டுப் போவலாம்."

போகிற வழியில் பங்கில் நிறுத்தச் சொன்னாள் செங்கமலம். டீசல் வேண்டாம் என்று டிரைவர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக அவள் காருக்குள் உட்கார்ந்திருப்பதை மேனேஜர் குனிந்து பார்த்தார்.

"செங்கமலம், எங்கம்மா இவ்ளோ ஜோரா?"

"ஆடிக்கு சார். எங்கண்ணன் அழைச்சிக்கிட்டுப் போறாரு."

மேனேஜர் அவளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் முழுக்க ஒரு சிரிப்பு விரிந்தது. "அடடே! அப்ப ராசாங்கம் கதி?"

"எங்க போனாலும் வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்துடுவாரு சார்!"

காற்றடிப்பவர் கைதட்டிச் சிரித்தார். கார் நெடுஞ்சாலையில் ஏறும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

விளையாட்டாகச் சொன்னது, ஆடி பிறந்து ஒரு வாரத்திலேயே உண்மையாகிவிட்டது. ஆசை பக்கத்தில் இருக்கும்போது ஒரு மாதிரி, பிரித்து வைத்தால் வேறு மாதிரி என்பதைச் செங்கமலம் அண்ணன் வீட்டில் தெரிந்துகொண்டாள். வெங்காயம் உரித்தால் அவன் ஞாபகம். தெருவில் டீசல் வண்டி போனால் அவன் ஞாபகம். பேசாமல் பிரிந்திருக்கச் சொல்லிவிட்டு நாள் முழுக்க அதையே நினைக்க வைப்பதற்குத்தான் பெரியவர்கள் இந்த மாதத்தைக் கண்டுபிடித்தார்களோ என்று நினைத்துக்கொண்டாள். போனில் ராசாங்கம், "ஜெயங்கொண்டத்துக்கு லோடு இருக்கு," என்றான். அவள், "கோயிலுக்குப் போவணும்னு இருக்கு," என்றாள். அதற்கு மேல் ரெண்டு பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்வெளியில், மத்தியான வெயிலில், மரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக. கோபுரத்து நிழல் அதன் காலடியிலேயே சுருங்கிக் கிடந்தது. ராசாங்கம் அவளுக்குப் பிடித்த காராச்சேவு வாங்கி வந்திருந்தான். பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. தோளும் தோளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் சட்டையில் அதே வாசனை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்து மூச்சு வாங்கினாள்.

"யாராச்சும் பாத்துடப் போறாங்க," என்றான் அவன்.

"பாக்கட்டும்," என்றாள் அவள்.

பார்த்தார்கள். அண்ணனிடம் வேலை செய்கிற ஒருவர் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்திருந்தார். செங்கமலம் வீடு திரும்பும்போது சாமிக்கண்ணு வாசலிலேயே காத்திருந்தார்.

"கோயிலுக்கா போயிட்டு வர? எந்தச் சாமியக் கும்புட்ட? வெங்காய லோடு ஏத்துற சாமியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முறையா அழைச்சிக்கிட்டு வான்னு தெருவுல என் மானத்த வாங்கினீங்க. அழைச்சிக்கிட்டு வந்தா புல்லுல உக்காந்து கொஞ்சிக்கிட்டிருக்கீங்க. கவியா, நீயே கேளும்மா உங்கம்மாவ!" கையிலிருந்த போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் நீட்டினார். கவியாவுக்கு முன்னமே புகார் போயிருந்தது.

போனிலிருந்து முதலில் ஒரு சிரிப்புதான் வந்தது. காதைப் பொத்திக்கொள்கிறவளின் சிரிப்பாக அது இல்லை. "மாமா, புதுப்பொண்ணு அப்படித்தான் இருக்கும். நல்லாத் திட்டுங்க. என்னையும் அம்மா இப்படித்தான் திட்டுச்சு."

சாமிக்கண்ணு திட்டினார். பதினேழு வயசுப் பெண்ணைத் திட்டுகிற மாதிரி, கைநீட்டி, வாசலில் வைத்து, தெருவே கேட்கும்படி திட்டினார். அடக்கம் இல்லை, வெட்கம் இல்லை, கால் வீட்டில் தங்குவதில்லை என்றார். ஒவ்வொரு வார்த்தையும் பூமாலை விழுகிற மாதிரி அவள் கழுத்தில் விழுந்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பதினெட்டாம் பெருக்கு வரைக்குமாச்சும் பொறுக்கக் கூடாதா?" என்று முடித்தார் அவர்.

செங்கமலம் நிமிர்ந்தாள். எதிர்வீட்டுக்காரி விளக்குமாற்றோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"பொறுக்க முடியல அண்ணே."

உள்ளேயிருந்து பச்சையம்மாள் கூப்பிட்டாள். "போதும் வுடுங்க. சோறு ஆறுது. ஏ புதுப்பொண்ணு, கையக் கழுவிட்டு வா!"